கோட்டுக்கு இந்தப் பக்கம்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை காலை

எய்யா,

நானும் சித்தியும் போன அண்டார்டிகா கப்பல் வட்டத்தைத் தாண்டாமலேயே திரும்பினதற்கு நஷ்டஈடு கேட்டு, கப்பல் கம்பெனிக்கு நீ அனுப்பின மூன்றாவது மெயில் எனக்கும் வந்து சேர்ந்தது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரெண்டு தடவை படித்தேன். இங்கிலீஷ் பிரமாதம், வக்கீல் தோற்றான். ஆனால் அதில் 'என் தாயாருக்கு நேர்ந்த மன உளைச்சல்' என்று ஒரு வரி வருகிறதே, அது எந்தத் தாயார் என்றுதான் தெரியவில்லை. நான் இங்கே தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்துப் பென்குவின் படம் காட்டிக்கொண்டிருக்கிறேன். சவத்தை விடு. போனில் சொன்னால் பாதியிலேயே "அதில்லம்மா" என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்த வட்டம். அச்சடித்துக் கொடுத்த பயணத் திட்டத்தில் ஆறாம் நாள், 'அண்டார்டிக் வட்டத்தைக் கடத்தல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முப்பத்தோரு வருஷம் கரும்பலகையில் அந்த வட்டத்தைப் புள்ளி புள்ளியாக வரைந்தவள் நான். 66½ டிகிரி தெற்கு, ஒரு மார்க் கேள்வி. அதைத் தாண்ட வேண்டும் என்று எனக்கும் ஆசைதான், இல்லை என்று சொல்லவில்லை.

எங்கள் கப்பலில் கேப்டன் நிற்கிற மேல்தட்டுக்குப் பயணிகளும் போகலாம், வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றால் சரி. ஆறாம் நாள் காலையில் சித்தியை எழுப்பாமல் நான் மட்டும் போய் நின்றேன். முன்னால் கடலையே காணோம். சுண்ணாம்பு அடித்த மொட்டைமாடி வெயிலில் வெடித்துக் கிடக்கிற மாதிரி, கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளைத் துண்டுகள். திரையில் 65 டிகிரி 50 நிமிஷம் என்று காட்டியது. வட்டம் இருப்பது 66 டிகிரி 33 நிமிஷத்தில், அதற்கு இன்னும் 43 நிமிஷம் பாக்கி. அட்சரேகையில் ஒரு நிமிஷம் ஒரு கடல் மைல், நான் சொல்லிக்கொடுத்தது உனக்கு மறந்திருக்கும். 43 கடல் மைல் என்றால் ஏறக்குறைய 80 கிலோமீட்டர். பாளையங்கோட்டையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போகிற தூரம்தான். பஸ்ஸில் ஏறி ஒரு தூக்கம் போட்டால் வந்துவிடும்.

முந்தின நாள் செயற்கைக்கோள் படத்தில் வழி இருந்திருக்கிறது. ராத்திரி முழுக்க மேற்குக் காற்று வீசி, மிதக்கிற பனியை எல்லாம் கரைப் பக்கமாக ஒதுக்கி நெருக்கிவிட்டது. எங்கள் கப்பலின் உடம்பு பனி உரசினால் தாங்குகிற அளவுக்குக் கெட்டி, அவ்வளவுதான். பனியை உடைத்துக்கொண்டு போகிற கப்பல் வேறு ஜாதி. உள்ளே நுழைந்தாலும் நுழைந்திருக்கலாம். பின்னால் வழி மூடிக்கொண்டால் என்ன செய்வாய்? 1898-ல் 'பெல்ஜிக்கா' என்ற கப்பல் இன்னும் தெற்கே போய் அப்படித்தான் மாட்டிக்கொண்டது. ஒரு வருஷத்துக்கு மேல் பனியோடு பனியாகக் கிடந்தார்கள். அந்தப் பயணத்தின் தலைவர் பேரைத்தான் நாங்கள் போன ஜெர்லாஷ் நீரிணைக்கு வைத்திருக்கிறார்கள்.

கேப்டன் அரை மணி நேரம் அந்த விளிம்பிலேயே இழுத்து இழுத்துப் பார்த்தார். அப்புறம் ஒன்றும் பேசாமல் கப்பலைத் திருப்பினார். எனக்கு அந்த நேரம் ஞாபகம் வந்தது நம்ம ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்தான். 2023 டிசம்பர் 17 ராத்திரி, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பின ரயிலை அங்கே நிறுத்திப்போட்டார்களே, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டின அன்றைக்கு. ரயிலில் கிட்டத்தட்ட 800 பேர். இருட்டு, சுற்றிலும் வெள்ளம். "கொஞ்சம் மெதுவா ஓட்டிக்கிட்டுப் போயிருந்தா திருநெல்வேலி வந்திருக்கும்லா" என்று அப்போது சொன்னவர்களும் உண்டு. விடிந்து பார்த்தால் முன்னால் தண்டவாளத்துக்குக் கீழே ஜல்லியே இல்லை, கம்பி அந்தரத்தில் தொங்குகிறது. பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுச் சமைத்துக் கொடுத்தார்கள். நிறுத்தினவர் மேல் யாராவது கேஸ் போட்டார்களா?

இன்னொன்று கேள். அந்த வட்டத்தை முதன்முதலில் தாண்டினவர் ஜேம்ஸ் குக், 1773 ஜனவரி 17. தாண்டினார், சுற்றிச் சுற்றி வந்தார், ஆனால் கண்டத்தைக் கண்ணால் பார்க்காமலேயே ஊருக்குப் போனார். உன் அம்மா வட்டத்தைத் தாண்டவில்லை, கண்டத்தை மிதித்துவிட்டு வந்தாள். நெக்கோ துறைமுகம் என்கிற இடத்தில், கறுப்புப் பாறை மேல், ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு. குக்கா நானா, நீயே சொல்.

கப்பலில் மும்பைக்காரர் ஒருவர் வந்திருந்தார். உன்னை மாதிரியே நல்ல மனுஷன், உன்னை மாதிரியே கோட்டி. கப்பல் திரும்பினதும் மொத்தத் துட்டை நாளால் வகுத்து, நாளை மணியால் வகுத்து, ஒரு தாளில் எழுதிக்கொண்டு வரவேற்பு மேஜைக்குப் போனார். மறுநாளும் போனார். விலெல்மினா விரிகுடாவில் கப்பல் எஞ்சினை அணைத்து நின்றபோதும் அவர் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

அந்த விரிகுடா எங்கள் திட்டத்திலேயே கிடையாது. எஞ்சின் சத்தம் நின்றதும் முதலில் மூச்சு கேட்டது. மாட்டுத் தொழுவத்தில் ராத்திரி கேட்குமே, புஸ்ஸென்று, அதைப்போல் நூறு மடங்கு. இடது பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று, தூரத்தில் நாலைந்து. கூன்முதுகுத் திமிங்கிலங்கள். ஒன்று கப்பலுக்கு அடியில் புகுந்து அந்தப் பக்கம் எழுந்தது, அதன் மூச்சு எங்கள் மேல் தெறித்தது. நாற்றம் என்றால் அழுகின மீன் நாற்றம். சித்தி கொண்டைவரைக்கும் நனைந்துபோய், "குத்தாலத்துச் சாரல் மாதிரியே இருக்குக்கா" என்றாள். பிப்ரவரியில் அவை அங்கே கூட்டமாக இரை தின்ன வருமாம். வட்டத்தைத் தாண்டியிருந்தால் அந்த மத்தியானம் நாங்கள் பனிக்கு நடுவே கோப்பையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருப்போம்.

அதற்காக எல்லாம் நல்லதுக்குத்தான் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. விளம்பரத்தில் வட்டம் பெரிய எழுத்து, 'வழித்தடம் கேப்டன் முடிவுக்கு உட்பட்டது' என்பது எறும்பு எழுத்து. அது எனக்கும் பிடிக்கவில்லை. அதை வேண்டுமானால் எழுது, நாலு வரியில் எழுது.

தினமும் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரையும் கூப்பிட்டு மறுநாள் திட்டத்தைச் சொல்வார்கள். ஏ திட்டம் காற்றில் போச்சு, பி திட்டம் பனியில் போச்சு, இப்படியே நாலு நாளில் எஃப் வரைக்கும் வந்துவிட்டோம். "நம்ம எழுத்தை வச்சிருந்தா இருநூத்து நாப்பத்தேழு திட்டம் போடலாமே" என்றாள் சித்தி. சிரிப்பாக இருந்தாலும் அதில் வேலை நிறைய இருக்கிறது. ஒரு நேரத்தில் கரையில் 100 பேருக்கு மேல் நிற்கக் கூடாது. 500 பேருக்கு மேல் ஏற்றின கப்பல் என்றால் ஆளை இறக்கவே கூடாது. எந்தக் கப்பல் எந்த நேரம் எங்கே என்று சீசனுக்கு முன்னாலேயே பங்கு பிரித்துவிடுகிறார்கள். ஒரு கப்பல் வழி மாறினால் மற்றக் கப்பல்களிடம் கேட்டு இடம் பிடிக்க வேண்டும். வைகாசி முகூர்த்தத்துக்குக் கல்யாண மண்டபம் தேடி அலைகிற கதைதான்.

ஒரு கூத்தைச் சொல்ல மறந்தேன். அந்நிய விதை ஒன்றுகூட அங்கே போய்ச் சேரக் கூடாது என்று, இறங்குவதற்கு முன்னால் சட்டைப்பை, பூட்ஸ் எல்லாவற்றையும் உறிஞ்சுகிற மிஷினை வைத்துச் சுத்தம் பண்ணுவார்கள். என் கம்பளிச் சால்வையில் மூன்று நாயுருவி விதை ஒட்டியிருந்தது, நம்ம வீட்டுப் பின்பக்கத்து வேலியிலிருந்து வந்தது. சுத்தம் பண்ணின பெண் இடுக்கி வைத்து ஒவ்வொன்றாக எடுத்தாள். எனக்கு மானம் போச்சு. பென்குவின் கூட்டம் எப்படி இருந்தது என்று எல்லாரும் கேட்கிறார்கள். கூந்தங்குளம் பறவைகள் சரணாலயத்தில் பங்குனி மாதம் மரத்தடியில் நின்றால் என்ன நாற்றமோ அதே நாற்றம், அதே இரைச்சல். அதனால் எனக்கு மூக்கைப் பொத்தத் தோன்றவில்லை.

சரி, நான் அழுததைச் சொல்கிறேன். அழவில்லை என்று போனில் உன்னிடம் சொன்னது பொய். ஆனால் நீ சண்டை போடுகிற விஷயத்துக்காக நான் அழவில்லை. நான் அழுத விஷயம் உன் மூன்று மெயிலிலும் இல்லை.

ஒன்பதாம் நாள் போர்ட் லாக்ராயில் இறங்குவதாக இருந்தது. 1944-ல் பிரிட்டிஷ்காரர்கள் போட்ட தளம், இப்போது சின்ன மியூசியமும் ஒரு தபால் ஆபீசும். சுற்றிலும் பென்குவின் கூடு. உன் அப்பா ஆல்பத்தில் கடைசிப் பக்கம் ஒன்றைக் காலியாக விட்டிருப்பார், உனக்குத் தெரியுமா? தெரியாது. அது அண்டார்டிகா முத்திரைக்காக விட்ட பக்கம். முப்பத்துநாலு வருஷம் தபால் ஆபீசில் மற்றவர்கள் கடிதத்துக்கு முத்திரை குத்தின மனுஷன். "ஊர்ப் பேர் தெளிவா விழணும், இல்லேன்னா எதுக்குக் குத்தணும்" என்பார். அவருக்காக ஒரு கார்டு, உனக்கு ஒன்று, பேத்திக்கு ஒன்று, மூன்றையும் முந்தின ராத்திரியே எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தேன்.

காலையில் அறிவித்தார்கள். தென் அமெரிக்காவுக்கும் அண்டார்டிகாவுக்கும் நடுவில் இருக்கிற ட்ரேக் நீரிணைக்கு மேற்கிலிருந்து ஒரு புயல் வருகிறது, அது வருவதற்கு முன்னால் கடந்துவிட வேண்டும், உடனே வடக்கே கிளம்புகிறோம் என்று. சரியான முடிவுதான். முந்திக் கிளம்பியே சித்தி கப்பல் ஆட்டத்தில் ரெண்டு நாள் எழுந்திருக்கவில்லை. காதுக்குப் பின்னால் ஒட்டுகிற வில்லையும் கேட்கவில்லை, சுக்கும் கருப்பட்டியும் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்தும் நான் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒரு மணி நேரம் இருக்கும். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு மேலே போனேன். ஒரு ஆல்பட்ராஸ் கப்பலோடு கூடவே வந்துகொண்டிருந்தது, இறக்கையை ஒரு தடவைகூட அடிக்காமல். அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறுதலாக இருந்தது என்று சொல்ல முடியாது. நேரம் போனது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு எது நஷ்டம் என்பது கம்பெனிக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. கணக்குப் போட்டு வாங்கவும் முடியாது. உனக்கு ஒன்பது வயசில் குற்றாலம் போனோம், ஞாபகம் இருக்கா? மெயின் அருவியில் ஆர்ச்சைத் தாண்டித் தண்ணீர் விழுகிறது என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டார்கள். அப்பா உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஐந்தருவி, புலியருவி என்று அலைந்தார். நீ மெயின் அருவிதான் வேணும் என்று தென்காசி வரைக்கும் அழுதுகொண்டே வந்தாய். பாவம், அவர் ஏதோ அருவியை அவரே அடைத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். இப்போது உன் மெயிலைப் படிக்கும்போது எனக்கு அந்த ரெண்டு முகமும் சேர்ந்தே தெரிகிறது. நீ துட்டுச் சேர்த்து என்னை அனுப்பினாய். அருவியை அடைத்தது நீ இல்லை.

ஜூலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வட துருவத்துப் பக்கம் இருக்கிற ஸ்வால்பார்டு போகப்போவதாகச் சொன்னாய். போய் வா. ஆனால் பிள்ளைகளிடம் "கரடி பார்க்கப் போறோம்" என்று சொல்லிக் கூட்டிப்போகாதே. கரையில் கரடி நின்றால் படகை இறக்கவே மாட்டார்கள். கப்பலே அதனிடமிருந்து 300 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும் என்று இப்போது அங்கே சட்டம். "கப்பலில் போகிறோம்" என்று மட்டும் சொல். திரும்பி வருகிற விமானத்தைக் கப்பல் கரை சேர்கிற அன்றைக்கே போடாதே, ஒரு நாளாவது விட்டுப் போடு. எங்களுக்கு நீ அதே நாள் சாயங்காலம் போட்டிருந்தாய். புயலுக்கு முந்தி வந்ததால் தப்பித்தோம், பிந்தியிருந்தால் கப்பல் கரை சேர்கிற அர்ஜென்டினாவின் உஷுவாயாவில் ரெண்டு கிழவிகள் பெட்டியும் கையுமாக நின்றிருப்போம். வழி மாறினாலும் ஆள் ஊர் திரும்புகிற செலவைத் தருகிற இன்சூரன்ஸா என்று பார்த்து எடு. நாற்பது பக்கத்துக்கு இருக்கும் நிபந்தனையை நீயே படி, மருமகள் தலையில் கட்டாதே. கம்பெனி அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடி தருகிறேன் என்று எழுதியிருக்கிறதே, வாங்கிக்கொள்ளுவதும் விடுவதும் உன் இஷ்டம். எனக்கு இனிமேல் ட்ரேக் வேண்டாம், மணிமுத்தாறு போதும்.

அந்த மூன்று கார்டில் அப்பாவுடையதை ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் அப்படியே செருகிவிட்டேன், முத்திரை இல்லாமலேயே. உன்னுடையதையும் பேத்தியுடையதையும் நேற்று இங்கே தலைமைத் தபால் ஆபீசுக்குக் கொண்டுபோனேன். கவுண்டரில் இருந்த பையன் பேச்சு சுவாரஸ்யத்தில் மங்கலாகக் குத்திவிட்டான். திருப்பிக் கொடுத்து, பாளையங்கோட்டை என்று தெளிவாகத் தெரிகிற மாதிரி இன்னொரு தடவை குத்தச் சொல்லி வாங்கிப் பார்த்த பிறகுதான் போட்டேன்.

அன்புடன்,
அம்மா