மூட்டு வலிக்கு ஊசி போடும் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருத்துவர்களுக்கு,

வணக்கம். தேய்ந்த மூட்டுக்கும் நாள்பட்ட தசைநார் வலிக்கும் பிஆர்பி (நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுத்த, தட்டணு செறிந்த நீர்), டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) என்று ‘மீளுருவாக்க ஊசி’ போடுகிற உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். ஊசியே கூடாது என்று சொல்ல வரவில்லை. ஊசிக்கு முன்னால் நீங்கள் சொல்லும் ஒரு சொல்லைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. ‘வளரும்’ என்கிற சொல்.

என் அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். முதல் ஊசி அன்று நான் கூடவே இருந்தேன். கையிலிருந்து ரத்தம் எடுத்து, குழாயில் நிரப்பி, ஒரு சின்ன இயந்திரத்தில் வைத்துச் சுழல விட்டார்கள். அது நின்றதும் வெளியே எடுத்தால் அடியில் கருஞ்சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர். மருத்துவர் அந்தக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டி, “இது உங்க ரத்தம்தாம்மா, பக்க விளைவே கிடையாது. ஜவ்வு புதுசா வளரும்” என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அம்மா முகம் தெளிந்ததை அன்றுதான் பார்த்தேன்.

அன்று ராத்திரியே முழங்கால் வீங்கிவிட்டது. இரண்டு நாள் அம்மா தூங்கவில்லை. போன் செய்து கேட்டால், “அது அப்படித்தான் இருக்கும், சரியாயிடும்” என்றார்கள். அப்படித்தான் இருக்கும் என்றால் முதலிலேயே சொல்லியிருக்கலாமே? சொந்த ரத்தமே ஆனாலும் மூட்டுக்குள் போவது ஊசி. அதில் அரிதாகவாவது தொற்று வரலாம் என்பதும் எங்கள் காதில் விழவே இல்லை.

வாரம் ஒன்றாக மூன்று ஊசி முடிந்தது. நாலைந்து மாதம் நன்றாகத்தான் இருந்தார், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் உள்ளே ஜவ்வு வளர்கிறது, காலை ரொம்ப அசைக்கக் கூடாது என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, நடையையும் தொடைத் தசைக்கான பயிற்சியையும் விட்டுவிட்டார். அப்புறம் வலி திரும்பி வந்தது. அப்போது அம்மா சொன்னதுதான் என்னை இந்த மடல் எழுத வைத்தது: “எல்லாருக்கும் வளருது, எனக்குத்தான் வளரல. நான் சரியாப் பாத்துக்கல போல.”

அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். 2021-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. முழங்கால் தேய்மானம் மிதமான அளவில் இருந்த, 50 வயதும் அதற்கு மேலும் ஆன 288 பேர். சிலருக்கு பிஆர்பி, மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் உப்புநீர், அதாவது சலைன், அம்மாவுக்குப் போட்ட மாதிரியே வாரம் ஒன்றாக மூன்று ஊசி. தனக்குப் போனது எது என்று யாருக்கும் தெரியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தால், பத்துக்கு இத்தனை என்று வலியை அளக்கும் கணக்கில் பிஆர்பி பக்கம் 2.1 குறைந்திருந்தது, சலைன் பக்கம் 1.8. பொருட்படுத்தும் வித்தியாசம் இல்லை. நாங்கள் ஜவ்வு என்று சொல்லும் குருத்தெலும்பு? அது இரண்டு பக்கமும் சிறிது குறைந்துதான் இருந்தது.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிப்பது சலைன் போட்டவர்களைப் பற்றி. அவர்களுக்கும் வலி குறைந்திருக்கிறதே! தேய்மான வலி ஏறி இறங்கும் வலி. உச்சத்தில் இருக்கும்போதுதான் நாங்கள் உங்களைத் தேடி வருகிறோம், அதனால் கொஞ்ச நாளில் தானாகவே கொஞ்சம் இறங்கும். ஒரு மருத்துவர் உட்காரவைத்துப் பேசி, தொட்டுப் பார்த்து, ஊசி போட்டார் என்கிற நம்பிக்கையும் சேர்ந்துகொள்ளும். ஆகவே ‘என் நோயாளிகள் நன்றாக இருக்கிறார்கள்’ என்று நீங்கள் சொல்வது உண்மையாக இருக்கலாம். ஊசிதான் காரணம் என்பதற்கு அது போதாது.

டெக்ஸ்ட்ரோஸ் ஊசியின் கதை இவ்வளவு நேரானதல்ல. சர்க்கரைக் கரைசலால் தசைநாரைச் சற்றே உறுத்திவிட்டால், உடம்பு அதைக் காயமாக எடுத்துக்கொண்டு ஆற்ற வரும், புது நார் உண்டாகும் என்பது எண்ணம். ஹேக்கெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1950-களில் இதற்குப் புரோலோதெரபி என்று பெயர் வைத்தார். முழங்கால் தேய்மானம் உள்ள 90 பேரிடம் நடந்த 2013-ஆம் ஆண்டு ஆய்வில், இது சலைனையும் வீட்டுப் பயிற்சியையும் விட நன்றாக வேலை செய்தது. சின்ன ஆய்வு, ஆனாலும் நம்பிக்கை தருவது. 2004-இல் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்காரர்கள் 110 பேரிடம் செய்ததிலோ சலைனுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள், எங்களுக்குப் புரியும்.

உங்கள் சங்கடமும் எனக்குப் புரியாமல் இல்லை. ஸ்டீராய்டு ஊசியை மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு ஆண்டு போட்டுப் பார்த்த ஆய்வில், சலைனை விட வலி குறையவில்லை, குருத்தெலும்புதான் கூடுதலாகத் தேய்ந்தது. வலி மாத்திரையைத் தொடர்ந்து விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் கெடலாம். அறுவைக்கு நாங்கள் பயப்படுகிறோம். நடுவில் ஏதாவது ஒன்று இருக்காதா என்று நாங்கள் தேடுகிறோம், நீங்களும் தேடுகிறீர்கள். ஆனாலும் அமெரிக்க மூட்டுநோய் மருத்துவர் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல், முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு பிஆர்பி வேண்டாம் என்று அழுத்தமாகவே சொல்கிறது. அதே வழிகாட்டுதல் உடற்பயிற்சியை அதே அழுத்தத்தோடு செய்யச் சொல்கிறது. அம்மா விட்டுவிட்டது அதைத்தான்.

இன்னொன்று. அம்மாவின் மருத்துவக் குறிப்பில் ‘ஊசி 1, ஊசி 2, ஊசி 3’ என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. ரத்தத்தைச் சுழற்றும் முறைக்கு முறை தட்டணுக்களின் செறிவு மாறும், வெள்ளணுக்கள் சேர்வதும் நீங்குவதும் மாறும். பிஆர்பி என்ற ஒரே பெயருக்குள் எத்தனையோ மருந்து. என்ன போட்டீர்கள், எத்தனை மில்லி, ஸ்கேன் பார்த்துப் போட்டீர்களா, அன்றைக்கு வலி பத்துக்கு எத்தனை என்று நாலு வரி எழுதிக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்களே போன் செய்து அதே கேள்வியைக் கேளுங்கள். வராமல் போனவர்கள் எல்லோரும் குணமானவர்கள் இல்லை. அம்மாவும் அப்புறம் அங்கே போகவே இல்லை.

இப்போது காலையில் நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணி இறக்குகிறார். எண்ணிக்கை ஏழில் நடுங்க ஆரம்பிக்கும், விடுவதில்லை. இடையில் வலது தோளும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்காக அடுத்த மாதம் உங்களில் ஒருவரிடம் வருவோம். ஊசி போடலாம் என்று உங்களுக்குத் தோன்றினால் தாராளமாகச் சொல்லுங்கள். “வலி குறையலாம்மா, குறையாமலும் போகலாம், எப்படியானாலும் பயிற்சியை விடாதீங்க” என்று சொல்லுங்கள். அம்மா தாங்கிக்கொள்வார்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்