சிரிப்புத் துணுக்கோடு காரணத்தையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆங்கிலம் பேசத் தடுமாறுகிறவர்களை வைத்து எழுதப்படும் சிரிப்புத் துணுக்குகளை உங்கள் நாளிதழில் அவ்வப்போது படிக்கிறோம். ஜெராக்ஸ் கடையில் ‘டூ காப்பி’ கேட்டவருக்கு எதிரே இருந்த டீக்கடையைக் காட்டினார்களாம். சளி பிடித்தவர் ‘ஐ ஹேவ் கோல்டு’ என்றதும் ‘எத்தனை பவுன்?’ என்று டாக்டர் கேட்டாராம். சிரிப்பு வரத்தான் செய்கிறது. ஆனால் இந்தத் தவறுகள் ஆளுக்கு ஒரு தினுசாக வருபவை அல்ல. தமிழ் பழகிய வாய் ஆங்கிலத்தில் எங்கெங்கே சறுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். வடசென்னையில் தெருவுக்குத் தெரு ஸ்போக்கன் இங்கிலீஷ் போர்டு தொங்குகிறது. அவற்றில் பலவும் இதை விட்டுவிட்டு, முதல் வாரமே 12 டென்ஸ் அட்டவணையை மனப்பாடம் செய்ய வைக்கின்றன.

அந்த ‘கோல்டு’ விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். நமக்கு ‘க’ ஒன்றுதான், ‘ப’ ஒன்றுதான். சொல்லின் முதலில் வந்தால் வல்லோசை; நடுவில் தனியாக வந்தாலும் மெல்லின எழுத்தை அடுத்து வந்தாலும் தானாகத் தணிந்துவிடும். யாரும் சொல்லித் தந்து வந்த பழக்கமில்லை. ஆங்கிலத்திலோ வல்லோசை ஒரு எழுத்து, தணிந்த ஓசை இன்னொரு எழுத்து. மெடிக்கல் ஷாப்பில் மாத்திரையும் ‘பில்’, ரசீதும் ‘பில்’ என்று நாம் சொல்வது இதனால்தான்.

‘அழுத்திச் சொல்லுப்பா’ என்று சில ஆசிரியர்கள் அதட்டுகிறார்கள். அழுத்தினால் ‘ப்ப’தான் வரும். வேண்டியது அழுத்தமல்ல, காற்று. ஆங்கிலச் சொல்லின் தொடக்கத்தில் வரும் வல்லோசை ஒரு ஊதலோடு கிளம்ப வேண்டும். அந்த ஊதல் இல்லாத நம் ‘ப’ வெள்ளைக்காரர் காதில் தணிந்த ஓசையாகவே விழுகிறது. பழைய பஸ் டிக்கெட் ஒன்றை உதட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னால் தொங்கவிட்டுப் பாருங்கள். மாத்திரை ‘பில்’லுக்கு டிக்கெட் படபடக்க வேண்டும், ரசீது ‘பில்’லுக்குச் சும்மா இருக்க வேண்டும். ‘க’வுக்குக் காகிதம் அவ்வளவாக ஆடாது, உள்ளங்கையை வாயருகே வைத்தால் காற்று தெரியும். ஒரு எச்சரிக்கை: முன்னால் ‘ஸ்’ வந்துவிட்டால் ஊதல் கிடையாது. ‘ஸ்பூன்’ என்னும்போது டிக்கெட் ஆடினால், கற்றதை அளவுக்கு மீறிக் கற்றுவிட்டார் என்று பொருள்.

சொல்லின் கடைசியில் சோதனை வேறு. பையைக் குறிக்கும் ‘பேக்’கில் உயிரோசையைச் சற்று இழுக்க வேண்டும், முதுகைக் குறிக்கும் ‘பேக்’கில் வெட்ட வேண்டும். தங்கம், பம்பரம் என்று பழகிய நாக்கு, மெல்லினத்துக்குப் பின்னால் வல்லோசையை லேசில் விடாது. அதனால் பணம் போடும் ‘பேங்க்’, கேட்பவர் காதில் ‘பேங்’ என்ற வெடிச்சத்தமாகிறது. ‘சென்ட்’ என்றால் மெயிலை அனுப்பிவிட்டாரா, இனிமேல்தான் அனுப்பப்போகிறாரா என்று எதிராளி விழிக்கிறார். காப்பித் தகராறு மட்டும் சுலபம். குடிக்கும் காபிக்கு உதடுகள் ஒட்டக்கூடாது, மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். கண்ணாடி முன்னால் ஐந்து நிமிடம் போதும்.

துறைமுகத்தை நம்பிப் பிழைக்கும் நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இது வெறும் உச்சரிப்பு அழகு இல்லை. ஷிப்பிங் ஆபீசிலோ, மணலி, திருவொற்றியூர்ப் பக்கத்து சி.எஃப்.எஸ். என்னும் கன்டெய்னர் சரக்கு நிலைய யார்டிலோ வேலைக்குப் போனால், கன்டெய்னர் எண்ணைப் போனில் படிக்க வேண்டிவரும். அதில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் இருக்கும். ‘பி’ என்றால் எந்த பி, ‘டி’ என்றால் எந்த டி? கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கென்றே வைத்தது; எழுத்து மாறினால் கணினி பெரும்பாலும் பிடித்துவிடும். மனிதக் காது பிடிக்காது. இதற்காகவே எழுத்துக்கு ஒரு சொல்லாக உள்ள பாப்பா, பிராவோ, டேங்கோ, டெல்டா வரிசையை ஒரு நாளில் மனப்பாடம் செய்துவிடலாம். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ குழப்பமும் இப்படித்தான். ஆங்கிலத்தில் முன்னதற்கு வால் பகுதியில் அழுத்தம், பின்னதற்குத் தலையில். நாம் இரண்டையும் சமமாகச் சொல்லிவிடுகிறோம். சர்வதேச கடல்சார் அமைப்பு 2001இல் ஏற்ற கப்பல் தொடர்புச் சொற்றொடர்களில் இதற்கு வழி இருக்கிறது. 150 என்றால் ‘ஒன் ஃபைவ் ஸீரோ’ என்று இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். கரையில் இருப்பவர்களும் அதைக் கடன் வாங்கிக்கொள்ளலாம்.

இனி, எந்தத் துணுக்கிலும் வராத தவறுக்கு வருகிறோம். இதற்கு யாரும் சிரிப்பதில்லை, ஏனென்றால் நடந்ததே தெரிவதில்லை. ‘பீஸ் கட்டலையா?’ என்றால் தமிழில் ‘ஆமாங்க, கட்டலை’ என்போம். கேட்டவர் நினைத்தது சரி என்பதற்கு அந்த ‘ஆமாம்’. ஆங்கிலத்தில் கேட்டவரின் நினைப்புக்கு மதிப்பில்லை, நடந்த காரியத்துக்குத்தான். கட்டவில்லை என்றால் ‘நோ, ஐ ஹேவன்ட்’. இன்டர்வியூவில் ‘டோன்ட் யூ ஹேவ் எக்ஸ்பீரியன்ஸ்?’ என்று கேட்க, அனுபவமில்லாத பையன் பணிவாக ‘எஸ் சார்’ என்கிறான். இருக்கிறது என்று ஹெச்.ஆர். குறித்துக்கொள்கிறார். அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டு பொய்யன் என்று பெயர் வாங்குகிறான், பாவம். ‘டூ யூ மைன்ட்?’ இன்னும் மோசம். ‘இங்கே உட்கார்ந்தால் உங்களுக்கு ஆட்சேபணையா?’ என்பது கேள்வி. நாம் வாய் நிறையச் சிரித்து ‘எஸ், எஸ்’ என்கிறோம்.

இதற்கு ஒரே ஒரு சூத்திரம்தான். பதில் வாக்கியத்தை முதலில் மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். அதில் ‘நாட்’ இருந்தால் முன்னால் ‘நோ’, இல்லையென்றால் ‘எஸ்’. கேள்வி எப்படி வந்தது என்பதை மறந்துவிடுங்கள். வெறும் எஸ்-நோவோடு நிறுத்தாமல் முழு வாக்கியத்தையும் சொல்லிவிட்டால் முதல் சொல் தவறினாலும் பொருள் தப்பிக்கும். கப்பல்காரர்களுக்கும் அதே விதிதான். தினமும் பத்து எதிர்மறைக் கேள்விகளை ஜோடியாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டால் இரண்டு மூன்று வாரத்தில் பழக்கம் மாறத் தொடங்கும்.

நம் ‘தான்’ஐ ‘ஒன்லி’ ஆக்குவதும் கவனிக்க வேண்டியது. ‘மேனேஜர்கிட்டதான் சொன்னேன்’ என்பது ‘ஐ டோல்டு த மேனேஜர் ஒன்லி’ ஆனால், வேறு யாரிடமும் வாயே திறக்கவில்லை என்று வெளிநாட்டவர் எடுத்துக்கொள்வார். அந்த இடத்தில் ‘மேனேஜர்’ என்ற சொல்லை மட்டும் ஓங்கிச் சொன்னால் போதும். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ போன்றவற்றால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை, பிறகு திருத்திக்கொள்ளலாம்.

வேடிக்கை என்னவென்றால், ஆங்கிலத்தில் அடி வாங்கும் இதே வாய் ஸ்பானிஷில் பாராட்டு வாங்கும். பி.பி.ஓ. வேலைக்காக அதைப் படிப்பவர்கள் கவனிக்கலாம். அங்கே வல்லோசைக்கு ஊதல் கிடையாது, டிக்கெட் ஆடவே கூடாது. நாம் ‘இஸ்டேசன்’ என்றால் கேலி செய்வார்கள். ஸ்பானிஷில் ரயில் நிலையமே ‘எஸ்தாசியோன்’தான். நம் ‘ஞ’வுக்கு அங்கே தனி எழுத்தே உண்டு. ஆனால் அழுத்தம் அங்கேயும் காலை வாரும். ‘பாபா’வில் வாலை அழுத்தினால் அப்பா, தலையை அழுத்தினால் லத்தீன் அமெரிக்காவில் உருளைக்கிழங்கு. சென்னைப் பேச்சில் ர, ற வித்தியாசம் போய்விட்டதால் ‘பெரோ’வும் ‘பெர்ரோ’வும் கலந்துவிடும். முன்னது ‘ஆனால்’, பின்னது நாய்.

வகுப்பில் சேரப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. பணம் கட்டும் முன் ஒரு நாள் பின் பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு மணி நேரத்தில் மாணவர்கள் வாய் திறந்தது எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறியுங்கள். முழு நேரமும் ஆசிரியரே பேசினால், அவருடைய ஆங்கிலம்தான் வளரும். பிறகு ‘டோன்ட் யூ டீச் ப்ரொனன்சியேஷன்?’ என்று கேளுங்கள். வெறும் ‘எஸ்’ஸோடு நிறுத்திக்கொண்டால், முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்லிவிட்டு அதன் பிறகு பணத்தை எடுங்கள்.

இப்படிக்கு,
மாலை நேர ஆங்கில வகுப்பு ஆசிரியர்கள்,
தண்டையார்பேட்டை, சென்னை.