கைவிட்ட குவாரியில் டிடெக்டர் ஒலித்தால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மெட்டல் டிடெக்டரைத் தூக்கிக்கொண்டு கைவிட்ட கல்குவாரி, சுண்ணாம்புக்கல் பள்ளம், செம்மணல் தேரிக்காடு என்று சுற்றும் இளைஞர்கள் நெல்லைச் சீமையில் கூடிவருகிறார்கள். புதையல் வீடியோக்கள் செய்த வேலை இது. ஆசையை நாங்கள் குறை சொல்லவில்லை. பழைய வேலைத்தளத்தில் கிடைக்கும் உளிக்கும் ஆப்புக்கும் மாட்டு லாடத்துக்கும் ஓட்டைக் காலணாவுக்கும் ஒரு மதிப்பு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கருவி விற்பவர் சொல்லாத ஒன்று உண்டு. குவாரிக் கழிவு மேட்டில், கருவியை எந்தப் பக்கம் ஓட்டினாலும் மாறாமல் தெளிவாக வரும் ஒலி, வெடிக்காத கேப்பாக, அதாவது வெடிமருந்தைத் தூண்டி வெடிக்க வைக்கும் டெட்டனேட்டராக இருக்கலாம்.

கேப் எப்படி மிஞ்சுகிறது? ஜாக்ஹாமரால் 32 முதல் 34 மில்லிமீட்டர் விட்டத்தில், ஐந்தடி ஆழத்துக்குக் குழி போட்டு, வெடிமருந்தும் கேப்பும் இறக்கி, மேலே களிமண் கெட்டித்து வேட்டு வைப்பார்கள். வரிசையாக வெடிக்கும்போது முதல் குழியிலிருந்து தெறிக்கும் கல் பக்கத்துக் குழியின் கம்பியை அறுத்துவிடுவது உண்டு. கெட்டிக்கும்போது கம்பியின் மேலுறை உரிந்து, குழியில் தண்ணீரும் நின்றால் மின்சாரம் கசிந்து கேப் வேலை செய்யாமல் போகும். அம்மோனியம் நைட்ரேட் மருந்து மழையில் கரைந்து போனாலும், குழாய்க்குள் அடைபட்ட கேப் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். பொக்லைன் வாரிக் கொட்டும்போது அதுவும் சேர்ந்து கழிவு மேட்டுக்குப் போய்விடுகிறது. டிடெக்டர்காரர்கள் முதலில் ஏறுவதும் அந்த மேட்டில்தான்.

கேப் என்பது பென்சில் தடிமனில், சுண்டுவிரல் நீளத்தில் உள்ள அலுமினியக் குழாய். பின்னால் இரண்டு மெல்லிய வண்ணக் கம்பிகளோ பிளாஸ்டிக் குழலோ தொங்கும். மண்ணுக்குள் கம்பி அறுந்துபோய் வெறும் குழாயாகவும் கிடக்கலாம். இரும்பை ஒதுக்கும்படி கருவியை வைத்திருந்தாலும் இதை ஒதுக்காது. திரையில் அலுமினியத் தாளுக்கும் நாணயத்துக்கும் இடைப்பட்ட எண்ணைக் காட்டும். தட்டுவது, உரசுவது, சூடாக்குவது எதையும் அது தாங்காது. ஆகவே கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள், பையில் போடாதீர்கள், மேலே கல்லை வைத்து மூடாதீர்கள். வந்த வழியே விலகி, இடத்துக்குத் தொலைவிலிருந்து அடையாளம் வைத்துக்கொண்டு 112-க்குப் பேசுங்கள். பாறையில் துளையின் அடிப்பகுதி களிமண்ணோடு மிச்சமிருந்தால் அதற்குள் கம்பியையோ உளியையோ விட்டுப் பார்க்கவே கூடாது.

பாறைமுகத்தின் அடியிலும் நிற்க வேண்டாம். 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து உயிர்கள் போனது மறக்கக் கூடியதல்ல. ஆள் பார்த்துக்கொள்ளும் குவாரியிலேயே அப்படி என்றால், யாரும் தட்டிப் பார்க்காத பாறையை எதை நம்பி நெருங்குவது? பள்ளத்தின் விளிம்பில் மேல்மண் பொருக்காக நிற்கும். பத்தடியாவது தள்ளி நில்லுங்கள்.

இனி கருவி. திசையன்விளை, சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலிலும், உவரி, நவ்வலடி கடற்கரைக் கருமணலிலும் இரும்புக் கனிமம் கலந்திருப்பதால் டிடெக்டர் ஓயாமல் கத்தும். கருவி கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு. உலோகமில்லாத இடத்தில் கருவியின் அடியில் உள்ள வட்டச் சுருளைத் தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, ஓரங்குலம் வரை இறக்கி, ஒலி மாறாமல் நிற்கும் வரை தரைச் சமநிலையை, அதாவது மண்ணின் கனிமச் சத்தத்தை ஒதுக்கும் அமைப்பைத் திருத்த வேண்டும். ஐம்பதடி நடந்து மண் நிறம் மாறினால் மறுபடியும் திருத்த வேண்டும். உணர்திறனை முழுக்க ஏற்றுவதுதான் பலர் செய்யும் தவறு. ஏற்ற ஏற்ற மண்ணின் சத்தமே பெருகும். ஆணியும் தகரமும் நிறைந்த இடத்தில் 6 அங்குலச் சுருள் போதும். பெரிய சுருளில் ஆணியின் ஒலி பக்கத்தில் கிடக்கும் காலணாவை மறைத்துவிடும். ஒலி வந்தால் 90 பாகை திரும்பி நின்று மறுபடி ஓட்டுங்கள். ஒரு திசையில் மட்டும் கேட்டால் அநேகமாக இரும்பு. தட்டையான இரும்பு ஏமாற்றும். லாடமும் வாஷரும் செம்பு போலவே உயர்ந்த ஒலி கொடுக்கும். மாட்டின் குளம்பு பிளவுபட்டது என்பதால் லாடம் அரைப்பிறை வடிவத் தகடாக, குளம்புக்கு இரண்டாக இருக்கும். பழைய வண்டிப்பாதையில் ஒன்று கிடைத்தால் அதன் ஜோடியும் அருகில் கிடக்க வாய்ப்புண்டு. எடுத்த செப்புக் காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும்.

தொடவே கூடாதது இரும்புக் கிட்டம், அதாவது பழங்காலத்தில் இரும்பு உருக்கியபோது மிஞ்சிய கழிவு. கருத்து, கனத்து, குமிழ் குமிழாக, உருகி வழிந்த தடத்தோடு இருக்கும். பக்கத்தில் சுடுமண் ஊதுகுழல் துண்டோ, கருப்பு-சிவப்புப் பானை ஓடோ, தாழியின் விளிம்போ தெரிந்தால் கருவியை அணைத்துவிடுங்கள். தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் அகழ்ந்தெடுத்த இரும்பின் காலம் கி.மு. நான்காம் ஆயிரமாண்டு வரை போகிறது என்று 2025 ஜனவரியில் அரசு அறிவித்ததே, அது வெறும் இரும்பை வைத்துச் சொன்னதல்ல. கூடக் கிடந்த கரித்துண்டையும் பானை ஓட்டையும் வைத்துக் கணித்தது. கரியை விட்டுவிட்டுக் கிட்டத்தை மட்டும் பெயர்த்து வந்தால் கையில் இருப்பது காயலான் கடைக்குக்கூட ஆகாது. ஆதிச்சநல்லூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடத்தில் தோண்டினால் சிறைத் தண்டனையே உண்டு.

பட்டா நிலம் என்றால் உரிமையாளரிடமும், புறம்போக்கு என்றால் வருவாய்த் துறையிடமும் அனுமதி வாங்க வேண்டும். களக்காடு முண்டந்துறை காப்பகத்துக்குள் கருவியோடு நுழையவே கூடாது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானால், என்ன பொருள், எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் ஓராண்டு வரை சிறை. பத்து ரூபாய் என்பது அன்றைய கணக்கு. இன்றைக்கு ஏறக்குறைய எல்லாமே அதற்குள் வந்துவிடும்.

மாவட்ட நிர்வாகத்திடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். குத்தகை முடிந்த குவாரியை மூடும் முன் பாறைமுகத்தோடு கழிவு மேட்டையும் வெடிகுண்டுத் தடுப்புப் பிரிவு சோதிக்க வேண்டும். வேலியும், ‘உள்ளே வெடிக்காத கேப் இருக்கலாம்’ என்ற பலகையும் குத்தகைதாரர் செலவிலேயே வைக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற குவாரி மேட்கள் (வேலை மேற்பார்வையாளர்கள்), வேட்டுத் தொழிலாளர்கள்
பாளையங்கோட்டை