சத்துணவு மையங்களுக்கு ஒரு திறந்த மடல்: பத்து நாளில் பத்துக் காய்

அமைப்பாளர்களே, சமையலர்களே, சமையல் உதவியாளர்களே, வணக்கம்.

அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை எல்லாம் இவ்வளவு என்று அளந்து உங்கள் மையத்துக்கு வந்து இறங்கிவிடுகின்றன. என்றைக்கு என்ன சாதம் என்பதும் பட்டியலில் இருக்கிறது. நீங்களாகத் தீர்மானிக்கக் கூடியது பெரும்பாலும் காய் ஒன்றுதான். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளுக்கு 50 கிராம் காய், 6 முதல் 8ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு 75 கிராம் என்பது விதி. நூறு சின்னப் பிள்ளைகளுக்கு 5 கிலோ. பல இடங்களில் இந்த 5 கிலோ உருளை, கத்தரி, முள்ளங்கி என்றே வருடம் முழுக்க ஓடுகிறது. காரணம் எல்லோருக்கும் தெரியும். இவை எப்போதும் கடையில் இருக்கும், இரண்டு நாள் வைத்தாலும் கெடாது, சீக்கிரம் நறுக்கிவிடலாம். ஆனால் கண்ணுக்கும் நோய் எதிர்ப்புக்கும் தேவையான வைட்டமின் ஏ-யாக உடலில் மாறும் கரோட்டின் இந்த மூன்றிலும் இல்லை என்றே சொல்லலாம். பரங்கியிலும் கேரட்டிலும் கீரையிலும் அது நிறைய இருக்கிறது.

பெரியவர் ஒருவருக்கு நாளுக்குக் காயும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம் வேண்டும் என்கிறது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி. நம் 50 கிராம் எவ்வளவு சின்ன அளவு என்று இதிலிருந்தே தெரியும். அளவைக் கூட்ட உங்களால் முடியாது. வகையைக் கூட்ட முடியும். இரண்டு வாரத்துக்குப் பத்துச் சமையல் நாள். அந்தப் பத்து நாளில் பத்து வகைக் காய் வரட்டும். நாலு நாளாவது கீரையும், மூன்று நாளாவது பரங்கி, கேரட் போன்ற மஞ்சள் நிறக் காயும் இருக்கட்டும். இதுதான் எங்கள் வேண்டுகோள்.

சாம்பார் சாத நாளில் தொடங்குவது சுலபம். நூறு பிள்ளைகளுக்குப் பரங்கி 3 கிலோ, அவரை அல்லது கொத்தவரை 2 கிலோ. எடை என்பது தோலும் காம்பும் போக நறுக்கிய எடை. வாங்கும்போது அதற்கேற்பக் கூட்டி வாங்குங்கள். முதலில் அவரை, அது முக்கால் பதம் வெந்ததும் பரங்கி, புளிக்கரைசல் கடைசியில். புளி முந்திவிட்டால் காய் எவ்வளவு நேரம் கொதித்தாலும் மெத்தென்று ஆகாது. அப்படி நறநறவென்று நின்ற காயைத்தான் பிள்ளைகள் தட்டின் ஓரத்தில் ஒதுக்குகிறார்கள். பரங்கி கொஞ்சம் குழைந்து போனாலும் கவலையில்லை, சாம்பாரோடு கலந்து வயிற்றுக்குள் போய்விடும். வெட்டாத முழுப் பரங்கியைக் காற்றோட்டமான நிழலில் இரண்டு மாதம் வரை வைத்திருக்கலாம். விலை குறைவாக இருக்கும்போது ஐந்தாறு காயாக வாங்கிப் போட்டால், ஐப்பசி கார்த்திகை மழையில் காய் விலை ஏறும்போது கைகொடுக்கும்.

எலுமிச்சை சாதமும் சுண்டலும் சேர்ந்து வரும் நாள் உண்மையிலேயே நல்ல சேர்க்கை. கொண்டைக்கடலையில் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுத்துக்கொள்ள எலுமிச்சையின் வைட்டமின் சி உதவுகிறது. இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோக முருங்கைக்கீரை போதும். நூறு பேருக்கு 2 கிலோ கொண்டைக்கடலை என்றால் உருவிய முருங்கை இலை 1 கிலோ. காம்போடு வாங்கினால் ஏறத்தாழ பாதி கழிவாகப் போகும் என்பதால் 2 கிலோ வாங்க வேண்டும். கடலையை எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஊறவையுங்கள். சீக்கிரம் வேகட்டும் என்று ஆப்பசோடா போடாதீர்கள்; வைட்டமின் சி-யும் தயமின் என்ற வைட்டமின் பி1-உம் அதில் அழிந்துவிடும். கீரை பச்சையாக இருக்கட்டும் என்று சோடா போடும் பழக்கத்துக்கும் இதே பதில்தான்.

கீரைக்கு அகலமான பாத்திரம் வேண்டும். எண்ணெயில் தாளித்து, இலையை மூன்று நான்கு தடவையாகப் போட்டு, மூடாமல் வதக்குங்கள். மூடி வைத்தால் இலையிலிருந்து வரும் புளிப்பு ஆவி உள்ளேயே தங்கி நிறத்தைக் கறுக்க வைக்கும். மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்டினால் உருண்டை கட்டி, வெளியே கருகி, உள்ளே வேகாமல் கசக்கும். எண்ணெய் கொஞ்சமாவது சேர வேண்டும், அது இல்லாமல் கரோட்டின் உடலில் சரியாகச் சேராது. வெந்த கடலையைக் கடைசியில் கலந்து இறக்குங்கள். எலுமிச்சைச் சாற்றை எப்போதும் அடுப்பை அணைத்த பிறகுதான் பிழிய வேண்டும்; கொதியில் சேர்த்தால் கசப்பும் ஏறும், சத்தும் குறையும்.

கழுவும் முறையில் பலரும் தவறிவிடுகிறார்கள். கீரையைப் பெரிய அண்டாவில் நிறையத் தண்ணீரில் அமிழ்த்தி, அலசி, கையால் மேலே அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீரோடு சாய்த்துக் கொட்டினால் அடியில் படிந்த மண் மறுபடி இலையிலேயே ஒட்டும். இப்படி மூன்று தண்ணீர். நறுக்குவது அதற்குப் பிறகுதான். வேலையைக் குறைக்க முந்தின நாள் மாலையே காயை நறுக்கி வைப்பதையும் விட்டுவிடுங்கள். ஆள் பற்றாக்குறை இருப்பது தெரிந்துதான் சொல்கிறோம். காலையில் நறுக்க நேரமில்லாத நாளில் அதிகம் நறுக்கத் தேவையில்லாத காயாகத் தேர்ந்துகொள்ளுங்கள். பெரிய துண்டாகப் போடும் பரங்கி அதற்குத் தோதானது.

தக்காளி சாதத்தோடும் புளி சாதத்தோடும் காய் பெயருக்குத்தான் இருக்கும். அந்த நாட்களில் கோஸ், பீட்ரூட், வாழைத்தண்டு என்று ஒரு பொரியல் தனியாக வையுங்கள். கோஸ் நிறம் மாறும் முன் இறக்க வேண்டும், நேரம் போகப் போக நாற்றம் கூடும். பீட்ரூட் சாப்பிட்ட சில பிள்ளைகளுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போகும். அது ஒன்றும் செய்யாது என்று முன்கூட்டியே ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் சொல்லி வைத்தால் வீண் பதற்றம் இருக்காது.

புதிய காயைப் பிள்ளை முதல் நாளே விரும்பாது. எட்டு, பத்து தடவை நாக்கில் பட்ட பிறகுதான் பழகும். இரண்டாம் தடவையிலேயே ‘இது பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லை’ என்று கைவிடுவதால்தான் நாம் மறுபடி உருளைக்கே போகிறோம். தெரிந்த காயோடு கால் பங்கு புதியதைக் கலந்து தொடங்குங்கள். அரைத்து மறைப்பது வேண்டாம், பிள்ளை அந்தக் காயைக் கண்ணால் பார்த்துப் பழக வேண்டும். பாகற்காயைக் கடைசிக்கு வையுங்கள்.

இடம் இருக்கும் பள்ளிகளில் முருங்கையும் பப்பாளியும் கொய்யாவும் வையுங்கள். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம்.-1 செடி முருங்கையை விதை ஊன்றியே வளர்க்கலாம். முக்கால் மீட்டர் உயரத்தில் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை அடித்து, கைக்கெட்டும் உயரத்தில் இலை கிடைக்கும். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அடையும். பிள்ளைகள் நடமாடும் இடம் என்பதால் மழைக்கு முன்பே கிளைகளை வெட்டிக் கவாத்து செய்துவிடுங்கள். கை கழுவும் சோப்புத் தண்ணீரை வாழைக்கும் பப்பாளிக்கும் விடலாம், கீரைப் பாத்திக்குக் கூடாது. கொய்யா காய்க்கத் தொடங்கினால் பழத்துக்கு வேறெங்கும் போக வேண்டாம். நூறு கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கிறது. விலை கொடுத்து வாங்கும் ஆரஞ்சில் அதில் பாதிகூடக் கிடையாது.

மேற்பார்வை செய்யும் அலுவலர்களிடம் ஒன்று கேட்கிறோம். மையத்துக்கு வரும்போது காயின் எடையோடு அதன் பெயரையும் கேளுங்கள். பதிவேட்டில் ‘காய்கறி 5 கிலோ’ என்று இருக்கும் இடத்தில் ‘பரங்கி 3, அவரை 2’ என்று எழுதச் சொல்லுங்கள். முந்தைய பத்து நாளின் பெயர்களைச் சேர்த்துப் பார்த்தாலே அடுத்த வாரம் எதை வாங்குவது என்று அமைப்பாளருக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
உணவியலும் பெருஞ்சமையலும் அறிந்த சிலர்