சின்னக்குளம் திருத்துற வேலையில கமக்காரரையும் சேர்க்கச் சொல்லி அரசாங்க அதிபருக்குக் கோரிக்கை மனு

பெறுநர்:
மாவட்ட அரசாங்க அதிபர்,
மாவட்டச் செயலகம், மட்டக்களப்பு.

மதிப்புக்குரிய ஐயா,

நாங்க மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இரிக்கிற படுவான்கரையில சின்னக்குளத்துத் தண்ணிய நம்பி வெள்ளாமை செய்யிற ஆக்கள். உன்னிச்சை, நவகிரி மாதிரி பெரிய குளங்கள நீர்ப்பாசனத் திணைக்களம் பாக்குது, எங்கட குளத்துத் தண்ணி பாயிற வயல் 200 ஏக்கருக்கு உட்பட்டது எண்டபடியா கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்குக் கீழதான் வருது. வரட்சிக்கு எண்டு குளம் திருத்தக் காசு ஒதுக்குறீங்க, அதுக்கு மெத்தப் பெரிய நன்றி. ஆனா எஸ்டிமேட் போடக்குள்ள எங்கள ஒருத்தரும் கேக்கிறல்ல. அதுதான் ஐயா இந்த மனு.

கடைசியா எங்கட குளத்துல வேலை செய்யக்குள்ள கொந்தராத்துக்காரர் பெக்கோவக் கொண்டு வந்து கட்டுக்குக் கிட்டவே ஆழமா தோண்டினார், தோண்டின இடம் வாய்க்காலுக்குத் தண்ணி திறக்கிற துருசை விடப் பள்ளம், அங்க நிக்கிற தண்ணி மாடு குடிக்கலாம், மீன் வாழும், ஆனா வாய்க்காலுக்கு ஒரு சொட்டும் ஏறாது. அள்ளின மண்ண குளத்தின்ட உள் ஓரமான அலைகரையிலயே குவிச்சிட்டுப் போயிட்டாங்க, மாரி பெஞ்சோடன அவ்வளவும் திரும்பக் குளத்துக்குள்ள. வயல்வெளியப் பாக்கிற வட்டை விதானையாரிட்ட ஒரு சொல்லுக் கேட்டிருந்தா எங்க வண்டல் கிடக்கு, எந்த மதகு ஒழுகுது, மிச்சத் தண்ணி வழியிற வான் எந்தப் பக்கம் அரிக்கிது எண்டு அரை நாளுல காட்டியிருப்பார்.

வேலை தொடங்குற நேரமும் அப்படித்தான். ஆடி ஆவணியில குளம் வத்திக் கிடக்கும், அப்ப ஒருத்தரும் வாறல்ல. வருசம் முடியிறதுக்குள்ள காசு செலவழிக்கோணும் எண்டு ஐப்பசியில மெசின் வருது, அண்டைக்குத்தான் மழையும் வருது.

இன்னொண்டு, குளத்த மட்டும் தோண்டிப் பிரயோசனமில்ல ஐயா, தண்ணி வாற மேல்பக்கத்தயும் பாக்கோணும். அங்க காடு வெட்டி, கிறவல் அள்ளி, வெறும் தரையாக் கிடந்தா ஒவ்வொரு மாரிக்கும் மண்தான் வந்து நிரம்பும். பழைய ஆக்கள் குளத்துக்கு மேல மருதும் புல்லும் விட்டு வச்சது வண்டல மறிக்கத்தான். அதத் திரும்ப வளக்க, கட்டாக்காலி மாடு மேயாமப் பாக்க, ஊர் ஆக்கள் சேராம எந்தத் திட்டத்தாலயும் ஏலாது. மாட்டுக்காரரையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்க, அவங்கள விட்டிட்டு எடுக்கிற முடிவு நிக்காது.

இது புதுசா நாங்க கேக்கிற விசயமில்ல. பக்கத்து அம்பாறையில கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்து இடதுகரையில 1981ல ஊருக்குள்ள ஆக்கள இருத்தி கமக்காரரோட பேசி சின்னச் சின்னக் குழு அமைச்சாங்க, வாய்க்கால அவங்களே துப்பரவாக்கி, முறை வச்சு தண்ணி பாய்ச்சி, மேல்மடைக்காரர் மிச்சம் பிடிச்சு கீழ்மடைக்கு விட்டாங்க. அது சரிவந்தபடியாத்தான் 1988ல அரசாங்கமே கமக்காரரோட சேர்ந்து நீர் முகாமை செய்யிறத கொள்கையா எடுத்தது. 2000ம் ஆண்டு 46ம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்துலயும் கமக்கார அமைப்புக்கு இடம் இரிக்கு. நடைமுறையில எங்கள கூப்பிடுறது திறப்பு விழாவுக்கு, கை தட்ட.

ஆனபடியா எஸ்டிமேட்டுக்கு முதல் டெக்னிக்கல் ஒபிசர் எங்களோட கட்டு முழுக்க, மேல்பக்கமும் நடந்து பாக்கோணும். எஸ்டிமேட்டத் தமிழுல எழுதி குளக்கட்டுல அறிவிப்புப் பலகை வைக்கோணும். எங்களால ஏலுமான மண்வேலை, வாய்க்கால் வேலைய கமக்கார அமைப்புக்கே தாங்க, சம்பளமும் ஊருக்குள்ள நிக்கும், வேலையும் ஒழுங்கா நடக்கும். முடிஞ்ச வேலைக்கு எங்கட அமைப்பும் கையெழுத்து வச்சாப்புறகுதான் பில் போகோணும், இதுதான் எல்லாத்தயும் விட முக்கியம்.

வரட்சி நிவாரண லிஸ்டும் அப்படித்தான். 2016/17 பெரும்போகத்துல மழை பொய்ச்சு எங்கட வட்டையில கதிர் வராமலே கருகினது, ஆனா குத்தகைக்கும் பங்குக்கும் செய்தவங்க காணி உறுதி இல்ல எண்டு விடுபட்டுப் போனாங்க. கடன் பட்டு விதைச்சது அவங்கதான். இனி லிஸ்ட் எடுக்கக்குள்ள ஜிஎஸ் (கிராம சேவகர்) ஓட வட்டை விதானையாரும் இரிக்கோணும், எழுதின பேர ஊர்க் கூட்டத்துல வாசிக்கோணும்.

வாற ஆடிக்கு முதல் எங்கட பக்கம் ஒரு கூட்டம் வச்சு கமநல உதவி ஆணையாளரையும் பிரதேச செயலாளரையும் வரச் சொல்லி, திகதிய முன்கூட்டியே அறிவிக்கும்படி தாழ்மையாக் கேக்கிறம்.

இப்படிக்கு,
படுவான்கரை சின்னக்குளத்துக் கமக்காரர்