வார்னர் பெயரை எடுத்துவிடுங்கள்: சிறுவர் கால்பந்து நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

பாப் வார்னர் பெயரில் சிறுவர் கால்பந்து (கையில் பந்தோடு ஓடும் அமெரிக்கக் கால்பந்து) நடத்தும் மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு,

வணக்கம். பென்சில்வேனியாவில் கார்லைல் பள்ளி இருந்த இடத்தை 2024 டிசம்பரில் அமெரிக்க அரசு தேசிய நினைவிடமாக அறிவித்தது. பழங்குடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுவந்து, முடியை வெட்டி, தாய்மொழியைப் பறித்த பள்ளி அது. நடந்தது தவறு என்று அரசே சொல்லிவிட்டது. அந்தப் பள்ளியின் கால்பந்துப் பயிற்சியாளர் வார்னரின் பெயர் மட்டும் இன்னும் உங்கள் அமைப்பின் பெயராக இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். ஆங்கிலத்திலும் அனுப்புகிறேன். தமிழில் எழுதக் காரணம், இங்கே குடியேறிய எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் உங்கள் அணிகளில் ஆடுகிறார்கள். அந்தப் பெயர் யாருடையது என்று பெற்றோருக்கும் தெரியட்டும்.

கார்லைல் அணியின் 1912ஆம் ஆண்டுப் பருவத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 14 ஆட்டங்கள், 12 வெற்றி, ஒரு சமன், ஒரே ஒரு தோல்வி. வசூல் கிடைக்கும் ஊர்களைத் தேடி அணி ரயிலில் அலைந்தபடியே எடுத்த புள்ளிகள் 500க்கும் மேல். அணியின் பழங்குடி நட்சத்திரம் ஜிம் தோர்ப் அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் (ஐந்து, பத்து தடகளப் போட்டிகள் சேர்ந்தவை) இரண்டிலும் தங்கம் வென்று திரும்பியிருந்தார். கூடவே கஸ் வெல்ச், ஜோ கையன், அலெக்ஸ் அர்காசா. நவம்பர் 9 அன்று ராணுவக் கல்லூரி இருக்கும் வெஸ்ட் பாயிண்டுக்கே போய் ராணுவ அணியை 27-6 என்று தோற்கடித்தார்கள். எதிரணியில் ஆடியவர்களில் ஒருவர் ஐசனோவர், பின்னாளில் நாட்டின் அதிபர். வூண்டட் நீ என்ற இடத்தில் இதே நாட்டு ராணுவம் லகோட்டா பழங்குடி மக்களைச் சுட்டுத் தள்ளி அப்போது 22 வருடம்கூட முடியவில்லை. எல்லாப் பழங்குடியினருக்கும் குடியுரிமை தரும் சட்டமோ 1924இல்தான் வந்தது. இத்தனைக்கும் நடுவே அந்த இளைஞர்கள் அப்படி ஆடினார்கள். நினைக்க நினைக்க எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

வார்னர் திறமைசாலி. அதில் எனக்குச் சண்டை இல்லை. அவர் வகுத்த ஆட்ட அமைப்புகளை இன்றும் பயிற்சியாளர்கள் படிக்கிறார்கள். சரி, பருவம் முடிந்த இரண்டே மாதத்தில் என்ன நடந்தது?

தோர்ப் 1909, 1910 கோடைகளில் வட கரோலினாவில் சொற்பக் காசுக்குப் பேஸ்பால் ஆடியிருந்தார் என்று 1913 ஜனவரியில் பத்திரிகையில் செய்தி வந்தது. காசு வாங்கி ஆடியவர்களுக்கு அன்றைய ஒலிம்பிக்கில் இடமில்லை. கல்லூரிப் பையன்கள் பலர் வேறு பெயரில் செய்ததை இவர் சொந்தப் பெயரிலேயே செய்தார். தனக்கு எதுவுமே தெரியாது என்று வார்னர் கைகழுவினார். அப்புறம் தோர்ப் கையெழுத்தோடு ஒரு மன்னிப்புக் கடிதம், காசு வாங்காமல் ஆடுபவர்களுக்கான அமெச்சூர் சங்கத்துக்குப் போனது. நான் வெறும் இந்தியப் பள்ளிப் பையன் (அங்கே பழங்குடியினரை அப்படித்தான் அழைத்தார்கள்), இதெல்லாம் எனக்குத் தெரியாது என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தில் வார்னரின் கை இருந்தது என்றே வரலாற்றாய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். ஏறக்குறைய 25 வயது ஆண் மகன், உலகமே பார்க்க இரண்டு தங்கம் வென்றவர், தன்னை ஒன்றும் தெரியாத பையன் என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. பயிற்சியாளரின் வேலை பிழைத்தது. பள்ளியின் பெயர் பிழைத்தது. தோர்ப்பின் பதக்கங்கள் மட்டும் போயின. ஒலிம்பிக் முடிந்து 30 நாளுக்குள் புகார் வர வேண்டும் என்ற விதியைக்கூட அவருக்காக யாரும் எடுத்துப் பேசவில்லை. அவர் 1953இல் இறந்தார். பதக்கங்களைத் திருப்பித் தர முடிவெடுத்தது 1982இல், அதுவும் கூட்டு வெற்றியாளர் என்று. அவர் ஒருவரே வெற்றியாளர் என்று ஒலிம்பிக் குழு அறிவித்தபோது 2022.

தோர்ப்பின் பதக்கங்கள் பறிபோன கொஞ்ச காலத்திலேயே கார்லைல் பிள்ளைகள் வாய் திறந்தார்கள். வெல்ச் முன்னின்று திரட்டிய மனுவில் 200க்கும் மேற்பட்ட மாணவர்கள் கையெழுத்திட்டார்கள். 1914இல் நாடாளுமன்றக் குழு நேரில் வந்து விசாரித்தது. வார்னர் கெட்ட வார்த்தையில் திட்டுவார், முரட்டுத்தனமாக நடத்துவார் என்று அவருடைய ஆட்டக்காரர்களே சாட்சி சொன்னார்கள். கால்பந்து வசூல் போன விதமும் அங்கே கேள்விக்கு வந்தது. அதற்குப் பிறகும் அவருக்கு பிட்ஸ்பர்க், ஸ்டான்ஃபோர்டு என்று பெரிய பதவிகள் கிடைத்தன. 1934இல் உங்கள் அமைப்பு அவர் பெயரைச் சூடிக்கொண்டது. அந்தப் பிள்ளைகள் சொன்னதை யாராவது ஒருமுறை எடுத்துப் படித்தீர்களா?

இந்த நாட்டில் இது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. ஓடியவன் பழங்குடி, சிலை பயிற்சியாளருக்கு. கார்லைல் இடுகாட்டில் 180க்கும் மேற்பட்ட பிள்ளைகள் புதைக்கப்பட்டார்கள். அவர்களின் எச்சங்களைச் சொந்த ஊருக்கு அனுப்பும் வேலையை, அந்த இடுகாட்டைக் கையில் வைத்திருக்கும் ராணுவம் தொடங்கியதே 2017இல்தான். இறந்த பிள்ளையின் மிக நெருங்கிய உறவினர் எழுதிக் கேட்க வேண்டும் என்று அதற்கும் ஒரு விதி. குழந்தையாகவே செத்துப்போனவருக்கு 100 வருடம் கழித்து நெருங்கிய உறவினரை எங்கே தேடுவது?

கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த இடுகாட்டுக்கு நீங்கள் பொறுப்பில்லை. உங்கள் பெயருக்குப் பொறுப்பு நீங்கள்தான். வாஷிங்டன் கால்பந்து அணி பழங்குடியினரைக் குறித்த தன் பழைய பெயரை 2020இல் கைவிட்டது, அதே மாதிரிப் பெயர் வைத்திருந்த கிளீவ்லாந்து பேஸ்பால் அணி அடுத்த வருடம் புதுப் பெயரை அறிவித்தது. அவர்களால் முடிந்தது உங்களாலும் முடியும். அடுத்த பருவத்துக்குப் பெயர் பதிவு தொடங்கும் முன் இதை உங்கள் குழுவில் வைத்துப் பேசுங்கள். பேசும்போது கார்லைல் ஆட்டக்காரர்களின் வழிவந்தவர்களையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். வார்னர் பெயரை எடுத்துவிடுங்கள். பணிவோடுதான் கேட்கிறேன், பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பென்சில்வேனியாவில் பிள்ளை வளர்க்கும் ஒரு தமிழ்த் தகப்பன்