தடுப்பூசி முகாமும் பாயும் நாய்களும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தேயிலைத் தோட்டங்களில் நாய்த் தொல்லை பற்றி அண்மையில் இப்பகுதியில் வெளியான கடிதத்தை வாசித்தேன். ஆளைக் கண்டால் பாய்கிற நாயைக் கட்டிப்போட்டு நாலு சாத்து சாத்தினால் தானாக வழிக்கு வரும், 'அடியாத மாடு படியாது' என்று அன்பர் எழுதியிருந்தார். கொழுந்துச் சாக்கோடு ஒற்றையடிப் பாதையில் வரும் பெண்கள் இந்த நாய்களுக்குப் படும் பயம் எனக்கும் தெரியும். ஆனாலும் அவர் சொல்லும் வைத்தியம் நோயைத்தான் கூட்டும்.

இப்படிப் பாய்கிற நாய்களில் அநேகமானவை பயந்த நாய்கள். குரைத்தால் எதிரே வருபவர் விலகிப் போவார் என்று அவை பழகியிருக்கின்றன. சங்கிலியில் கிடக்கும் நாய்க்கு ஓடவும் வழியில்லை, மிச்சம் இருப்பது பல் மட்டும்தான். அந்த நேரம் பார்த்து அடி விழுந்தால், கொழுந்து பறிப்பதற்காக இடுப்பில் படங்குத் துணி கட்டிய ஆள் வந்தாலே முதுகு வலிக்கும் என்றுதான் அதற்குப் பதியும். உறுமினால் அடி என்று தெரிந்த நாய் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. அப்புறம் சத்தமில்லாமல் வந்து கடிக்கும்.

ஜீரணம் பற்றிய ஆய்வுக்காக 1904இல் நோபல் பரிசு வாங்கிய பாவ்லோவின் நாயை, ஆசிரியர்களாகிய நாங்கள் எல்லோரும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவர்கள். ஒரு சத்தத்துக்குப் பிறகு சாப்பாடு என்று பழகிய நாய், அந்தச் சத்தம் கேட்டாலே எச்சில் ஊறும் என்பதுதான் அந்தப் பாடம். அது எனக்கு வீட்டில் உதவியது எங்கள் நாய் மணியால்தான். வீட்டுக்குக் கீழே, கொழுந்து நிறுக்கப் போகும் பாதையில் சாக்குமூட்டை தெரிந்தால் போதும், கயிற்றை அறுக்கப் பார்க்கும். அதனால் பாதையோரத்தை விட்டு, மேலே தண்ணீர் ஓடும் கானுக்கும் அப்பால் சவுக்கு மரத்தடியில் அதோடு நின்றேன். அங்கிருந்து ஆளைப் பார்க்கும், காது விறைக்கும், ஆனால் குரைக்காது. அந்தத் தூரத்தைக் கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. ஆள் தெரிந்ததும் அவித்த கோழி ஈரலில் நகமளவு துண்டுகளாகக் கொடுப்பேன். ஆள் வளைவில் மறைந்தால் ஈரலும் நின்றுவிடும். முதலில் ஆள், பிறகு ஈரல். இதை மாற்றிவிட்டால் ஈரலைக் கண்டதுமே 'யாரோ வரப்போகிறார்' என்று நாய் மிரளத் தொடங்கும். ஈரலை வாங்காமல் ஆளையே வெறித்துக்கொண்டிருந்தால் நாம் கிட்டப் போய்விட்டோம் என்று அர்த்தம். பேசாமல் பின்வாங்க வேண்டும். மழைக்குக் குடையும் சேர்ந்துவிட்டால் அன்றைக்கு இன்னும் தூரம்.

நாய்க்கு ஈரல், எனக்குக் கீரையா என்று வீட்டுக்காரர் கேட்டார்தான். ஆனால் மாதங்கள் போகப் போக, சாக்கைக் கண்டால் மணி என் கையைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கியது. இன்றும் அதைப் பாதையோரம் கட்டுவதில்லை, அவ்வளவு நம்பிக்கை எனக்கில்லை. இது என் ஒருத்தியின் செல்லமும் அல்ல. விலங்குகளின் நடத்தையை ஆராயும் அமெரிக்க மிருக வைத்தியர்களின் சங்கம், கடிக்க வரும் நாய்களுக்கும் வெகுமதி கொடுத்துப் பழக்கும் முறையையே 2021இல் பரிந்துரைத்தது.

இப்போது எழுதக் காரணம் விசர்நாய்க்கடித் தடுப்பூசி முகாம். பக்கத்துத் தோட்டத்தில் நடந்த முகாமில் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களின் நாய்கள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், கொழுந்து நிறுக்கும் மடுவத்து முற்றத்துக்கு இழுத்து வந்திருந்தார்கள். சங்கிலியோடு சங்கிலி சிக்கி, நாய்கள் ஒன்றையொன்று குதற, சொந்தக்காரர்கள் உதைக்க, ஒருவர் ஊசி போடாமலே தன் நாயை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அடுத்த முறை அவர் வரவே மாட்டார். கடிக்கக்கூடிய நாய்தான் ஊசியில்லாமல் நிற்கிறது.

முகாம் நடத்துபவர்கள் லயன் வாரியாக நேரம் சொல்லலாம். முரட்டு நாய்களைக் கடைசியில், அல்லது அவற்றின் வாசலிலேயே பார்க்கலாம். நாய் விரும்பித் தின்னும் ஏதாவது கொஞ்சம் கொண்டுவாருங்கள், தள்ளித் தள்ளி நில்லுங்கள் என்று ஒலிபெருக்கியிலேயே அறிவிக்கலாம். கடிபட்டால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்பதையும் அதோடு சேர்த்துச் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
தலவாக்கலை.